கடைசி வரிசை அப்பா

அவரை நினைக்கும்போதெல்லாம் அந்த முதல் நாள்தான் கண்ணுக்கு வரும். ஒன்றாம் வகுப்பின் கடைசி வரிசை. தரையில் விரித்த பாயின் மேல், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, முழங்கால் இரண்டும் தாடையைத் தொடும்படி மடக்கி உட்கார்ந்திருந்தார். நல்ல உயரமான ஆள். தோளில் துண்டு, மடியில் தேக்கு இலையில் கட்டிய பலாச்சுளை. அவருக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் ஆளாளுக்கு ஒரு சுருதியில் அழுதுகொண்டிருந்தார்கள். அழாத குழந்தை ஒன்றே ஒன்றுதான். முதல் வரிசையில் இரண்டு சடை பின்னிக்கொண்டு, அழுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அது அவருடைய மகள்.

"உங்க பொண்ணுதான் அழலியே, நீங்க கெளம்புங்க" என்றேன். "இருக்கட்டுங்க டீச்சர். கொஞ்ச நேரம் ஒக்காந்துகினு போறேன். நடுவுல அழுவும்" என்றார். அது நடுவிலும் அழவில்லை, கடைசியிலும் அழவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாள் மகளே எழுந்து நின்று, "அப்பா, நீ போ. எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று விரட்டினாள். எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவள் கரும்பலகையைப் பார்க்கத் திரும்பியதும் சத்தமில்லாமல் உள்ளே வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அந்தக் கொஞ்ச நேரம் ஐந்து வருஷம் நீடித்தது.

நான் எலவனாசூர்கோட்டைக்காரி. கல்வராயன் மலைக்கு மாற்றல் வந்தபோது அழுதுகொண்டுதான் பஸ் ஏறினேன். இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதில் வளர்ந்த ஆள் ஒருவர் தினமும் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? பாடம் நடத்தவே கூச்சமாக இருந்தது. மேலதிகாரி யாரோ வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்றுகூட ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அவர் சுவரில் சாய்ந்து குறட்டை விட்ட அன்றுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பிள்ளைகள் வாயில் விரலை வைத்து, "டீச்சர், மெதுவா. அப்பா தூங்குது" என்று என்னை அடக்கினார்கள்.

அவர் ஏன் இப்படி வந்து உட்காருகிறார் என்பதைச் சத்துணவு சமைக்கும் அக்காதான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு மூன்று வயதிருக்கும்போது அதன் அம்மாவை இரண்டாவது பிரசவத்துக்காகக் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். மலையில் எல்லாருக்கும் கள்ளக்குறிச்சியும் சின்னசேலமும் 'கீழ'தான். போகும்போது நன்றாகப் பேசிக்கொண்டு போனவள், திரும்பி வந்தது உயிரில்லாமல். பிள்ளையும் தங்கவில்லை. "அன்னியிலிருந்து இந்தப் பொண்ண கண்ணுக்கு மறைய உடமாட்டான். காட்டுக்குப் போனாலும் தோள்லதான் தூக்கிகினு போவான். ஒண்ணும் கேக்காதீங்க டீச்சர், ஒக்காந்துட்டுப் போறான்" என்றாள். அதற்குப் பிறகு நான் அவரைப் போகச் சொல்லவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கவும் அவரால் முடியவில்லை. அந்த வருஷ மழையில் ஓடையில் தண்ணீர் இடுப்பளவு வந்தபோது, அக்கரைப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி இக்கரையில் இறக்கினார். அதன் பிறகு மழைக்காலம் முழுக்க அது அவர் வேலையாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்கு ஓடிப்போகிற வாண்டுகளைச் சாமைக்காட்டு வழியாகத் துரத்திப் பிடித்துக்கொண்டு வருவார். பிடிபட்ட பையன் அவர் தோளில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வருவான். துரத்தவேண்டும் என்பதற்காகவே சிலர் ஓடினார்கள் என்று நினைக்கிறேன். காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடப்பார். ஓடு உடைந்தால் கூரையில் ஏறுவார். கபடி விளையாட ஆள் குறைந்தால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார், எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே பிடிபடுவார்.

ஆண்டு விழா நாடகத்தில் வருஷா வருஷம் அவர்தான் புலி. உடம்பெல்லாம் மஞ்சளைப் பூசி, அடுப்புக்கரியால் கோடு போட்டுக்கொண்டு வருவார். அவர் மகள் மூங்கில் துப்பாக்கியால் சுடுவாள். புலி சாவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். விழுந்து, எழுந்து, உறுமி, மேடையைச் சுற்றி வந்து மறுபடியும் விழும். அடுத்த நிகழ்ச்சிக்குக் கோலாட்டக் குச்சியோடு நிற்கிற பிள்ளைகள் பொறுக்கமாட்டாமல், "அப்பா, செத்துடு அப்பா" என்று ஓரத்திலிருந்து கத்துவார்கள். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும்.

அவர் மகள் கூப்பிடுவதைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் அவரை அப்பா என்றே கூப்பிட்டார்கள். ஒரு தடவை கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த ஒருவர் கடைசி வரிசையைக் காட்டி, "இவர் யார்?" என்று பிள்ளைகளைக் கேட்டார். "அப்பா" என்றது வகுப்பு. "சரி, யாரோட அப்பா?" "எங்க அப்பா" என்று மொத்தப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நான் விளக்கிச் சொன்னதும், "அப்படியானால் பள்ளியின் தன்னார்வலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்தில் அதை அறிவித்தோம். "அப்படின்னா இன்னா டீச்சர்?" என்று கேட்டார். கூலி வாங்காமல் பள்ளிக்கூடத்துக்கு வேலை செய்கிறவர் என்றேன். "அதுக்குப் பேரு வேற வெச்சிருக்காங்களா?" என்று சிரித்தார். ஆனாலும் மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தார்.

எங்கள் பள்ளியில் ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. மேலே படிக்க, பெண் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கி விடுதியில் தங்கவேண்டும். பெற்றவர்கள் லேசில் அனுப்பமாட்டார்கள். பொங்கல் கழிந்ததும் மேஸ்திரியின் வேன் வரும், பாதி ஊர் கேரளப் பக்கம் மிளகு பறிக்கப் போய்விடும். வீட்டில் ஆடு மேய்க்கவும் கைக்குழந்தையைப் பார்க்கவும் பெண் வேண்டும். நான் போய்ப் பேசினால் மரியாதையாக மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் பேசினால் கேட்டார்கள். கோடை விடுமுறையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் உட்கார்ந்துகொள்வார். "கீழ ஒண்ணும் ஆவாது. டீச்சரையே கூட போய் உட்டுட்டு வரச் சொல்றேன். பொண்ணு படிக்கட்டும்" என்பார். கீழே ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னதால்தான் அந்த ஊர் நம்பியது. இருந்தாலும் அவர் யாரோடும் இறங்கிப் போனதில்லை. பஸ் நிற்கும் இடம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார், அங்கேயே நின்றுவிடுவார்.

அவருடைய மகளின் முறை வந்த வருஷம் கோடை முழுக்க என் கண்ணிலேயே படவில்லை. தேன் எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள், கடுக்காய் பொறுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஊரார் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயம், தன் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று சத்துணவு அக்காவிடம் கத்தினேன். கடைசியில் அந்தப் பெண்ணே தகரப் பெட்டியில் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு, "எல்லாரும் போறாங்க, நானும் போறேன்" என்று நின்றதாம். அவர் அவளுக்கு ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. மனைவி போனதற்குப் பிறகு முதல் தடவையாக மலையை விட்டு இறங்கினார். விடுதியில் ஆண்களை வாசலுக்கு மேல் விடமாட்டார்கள். அன்று முழுக்க அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வார்டன் எனக்குப் போன் செய்து, "உங்க ஊர்க்காரர்கிட்ட கொஞ்சம் பேசி அனுப்பிவையுங்க மேடம், பிள்ளைங்க பயப்படுது" என்றார்.

திரும்பி வந்தவர் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவர் முதுகில் ஏறின, அவரும் சிரித்தார். ஆனால் பார்வை நிலைக்கவில்லை. முதல் வரிசைக்குப் போகும், அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குப் போகும். கொஞ்ச நாளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். பிறகு அதுவும் இல்லை. போய்ப் பார்த்தேன். அடுப்பு எரிந்து பல நாள் ஆனது மாதிரி இருந்தது. "சமைக்கலியா?" என்றேன். "ஒத்த ஆளுக்கு இன்னா டீச்சர் சமைக்கிறது?" என்றார். கழுத்தெலும்பு தெரிந்தது. தாடி நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பொங்கல் விடுமுறைக்கு மகள் வந்தாள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே ஓடிவந்து என்னிடம் சொன்னாள்: "நான் இனிமே போவல டீச்சர். அப்பா சாப்புடறதே இல்ல. நான் இங்கயே இருந்துகினு சோறு ஆக்கிப் போடறேன்." பதினோரு வயசுப் பெண். சொல்லும்போது அழவில்லை, எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்ட பெரிய மனுஷி மாதிரி நின்றாள். அவர் அதட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்கு அதட்ட வராது. அவள் சிரித்திருக்கிறாள். நான் பேசிப் பார்த்தேன். "அவருக்கு யாரு இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் போன பிறகு அவர் வந்தார். கதவருகிலேயே நின்றார். "மேஸ்திரி வண்டி வந்திருக்குது டீச்சர். நான் மொளகுக்குப் போறேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரத்தில் ஏணி கட்டி மிளகு பறிக்கிற வேலையை விட்டுப் பல வருஷமான ஆள். "நான் இருந்தா அது கீழ போவாது. நான் இல்லாம பூட்டா, இங்க அதுக்கு இன்னா இருக்குது? போயிடும்" என்றார். சரி, அப்படியே அவளிடம் எடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள், புரிந்துகொள்ளும் என்றேன். தலையை ஆட்டினார். "வேணாங்க. அதுக்கு எம்மேல கோவம் வர்ற மாதிரி பேசிட்டுதான் போவப்போறேன். கோவம் இருந்தா அங்க இருந்துக்கும். பாவம்னு தோணிச்சினா ஓடியாந்துடும்." நான் எவ்வளவோ வாதாடினேன். ஒரு குழந்தையிடம் இப்படிச் செய்யலாமா என்று சத்தம்கூடப் போட்டேன். கேட்டுக்கொண்டே நின்றார். "எத்தினி வூட்ல போய் ஒக்காந்து அனுப்புங்க அனுப்புங்கன்னு சொன்னேன் டீச்சர்? எம் பொண்ணு எனக்கு சோறாக்கறதுக்கு வந்து நின்னா, அவங்க பொண்ணுங்களையும் நாளைக்கே இட்டாந்துடுவாங்க" என்றார். கிளம்பும்போது, "அது படிச்சி ஒரு வேலைக்குப் போற வரைக்கும் இத அதுங்கிட்ட சொல்லாதீங்க. நீங்க சொல்லமாட்டீங்க, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் காலை வேன் அருகில் ஊரே நின்றது. மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும் அந்தக் கையை உதறினார். "உன்னையே பாத்துகினு எம்மா நாளுதான் ஒக்காந்திருப்பேன்? எனக்கும் பொழப்பு இல்லியா? வூட்டப் பூட்டியாச்சி. போ, உங்க ஸ்கூலுக்குப் போ" என்றார். அவர் குரல் உயர்ந்து அந்த ஊர் கேட்டதே இல்லை. வேன் ஆள் நிறைந்து கிளம்பிப் போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மதிய பஸ்ஸில் நான்தான் அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். வளைவுகளெல்லாம் இறங்கி முடியும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். விடுதி வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டவள், நான் தலையைத் தொட்டதும் விலகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மிளகுப் பருவம் முடியும் முன்னாலேயே அவர் வந்துவிட்டார், வண்டியில் துணி சுற்றி. எஸ்டேட்டில் உயரமான மரம் ஒன்றில் கட்டிய ஏணி நழுவிவிட்டது என்றார்கள். மகளை அழைத்துவந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் "அப்பா, அப்பா" என்று கதறியதைக் கேட்க முடியவில்லை. ஊரில் அத்தனை பேரும் அழுதார்கள். அவள் மட்டும் அழவில்லை. வாய்க்கரிசி போடச் சொன்னபோது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு போட்டாள். கல்மனசுக்காரி என்று கிழவிகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் உனக்காகத்தான் போனார், போன இடத்தில் செத்தார் என்று அந்த வயசில் ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சாவுக்கு வந்திருந்த தூரத்து அத்தை ஒருத்தி தன் வீட்டோடு வைத்துக்கொள்கிறேன் என்றாள். "எனக்கு யாரும் வேணாம்" என்று சொல்லிவிட்டு மகள் விடுதிக்கே போனாள். அவர் சொன்னபடியே அந்தக் கோபம் அவளை அங்கே இருக்கவைத்தது, பத்தாவது, பன்னிரண்டாவது, அதற்கு மேலும் படிக்கவைத்தது. அவள் மலைக்கு வருவதையே விட்டுவிட்டாள். எனக்கும் நைனார்பாளையம் பக்கம் மாற்றல் வந்தது. எப்போதாவது போனில் பேசுவாள். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அப்புறம் பேசறேன் டீச்சர்" என்று வைத்துவிடுவாள்.

போன மாதம் அவள் என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். சாப்பாட்டு மணி அடித்து வகுப்பு காலியானதும் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். இதற்காக எத்தனையோ வருஷம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அதில் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. அவர் கதவருகில் நின்று சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்லி முடித்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தட்டு கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவரு போன் பண்ணுவாரு, உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்றாள். எனக்குத் தெரியாது. "மொளகுக்குப் போனதிலேருந்து ஞாயித்துக்கெழமையானா வார்டன் ரூமுக்குப் பண்ணுவாரு. வார்டன் வந்து கூப்புடுவாங்க. நான் போவமாட்டேன். கையை உதறிட்டுப் போன ஆளுகிட்ட எனக்கு இன்னா பேச்சு? வரமாட்டேன்னு சொல்லுங்கன்னு சொல்லிடுவேன். ஒரு தடவகூட நான் பேசல டீச்சர்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"வார்டன் என்னைத் திட்டுவாங்க. உங்கப்பா மாதிரி ஒரு ஆளப் பாத்ததே இல்லடி, பொண்ணு பேசமாட்டேங்குதுன்னு சொன்னா சந்தோசமா சிரிக்கிறாரு, சரிங்க சரிங்க, அங்கியே இருக்குதா, அது போதுங்கன்னு சொல்லி வெச்சிடறாருன்னு சொல்லுவாங்க." "நான் பேசலன்னா அந்தாளுக்கு சிரிப்பு வருதான்னுதான் டீச்சர், எனக்கு இம்மா வருசமும் கோவம்."

அவர் சாவுக்கு அழாத பெண் அன்றைக்கு என் வகுப்பறையில் அழுதாள். கைகழுவிவிட்டு உள்ளே வந்த சின்னப் பிள்ளைகள் என்ன ஏது என்று தெரியாமல் அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன. நான் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை.